பொருளில் பழுதில்லை, விளம்பரத்தில்தான் பொய்

தீபாவளித் தள்ளுபடியில் இணையத்தில் வாங்கிய பொருள்களைத் திருப்பி அனுப்பும் கெடு பலருக்கு இந்த வாரத்தோடு முடிகிறது. வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: 'விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று. ஏழு நாள் தாண்டிவிட்டால் அவ்வளவுதானா?'

இல்லை. ஏழு நாள், பத்து நாள் என்பதெல்லாம் விற்பனைத் தளம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட கணக்கு. வழக்குத் தொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. இருந்தாலும் கெடுவுக்குள் புகாரைப் பதிந்துவிடுங்கள். பதியும்போது எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

காரணப் பட்டியலில் இருக்கும் பொறி

மலிவு விலை புரொஜெக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைப்பில் கொட்டை எழுத்தில் '4கே'. பக்கத்தை அடிவரை தள்ளிப் பார்த்தால், பொடி எழுத்தில் 'அசல் ரெசல்யூஷன் 1280-க்கு 720'. அதாவது, 4கே வீடியோவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். சுவரில் விழும் படத்திலோ 4கே-யில் இருக்க வேண்டிய புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்குதான் இருக்கும்.

திருப்பி அனுப்பப் போனால் செயலி காரணம் கேட்கிறது. 'பழுது' என்று அழுத்தினால் டெக்னீஷியன் வருவார். விளக்கு எரிகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, 'பழுது எதுவுமில்லை' என்று குறித்துக்கொண்டு போவார். கோரிக்கை தள்ளுபடி. இல்லையென்றால் மாற்றுப் பொருள் வரும். அதே மாடல், அதே பொய். 'பிடிக்கவில்லை' என்று அழுத்தினால் மனம் மாறியவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பல பொருள்களுக்கு அந்தக் காரணத்தின் பேரில் பணம் திரும்பாது.

விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதை இதில் யாரும் சோதிப்பதே இல்லை. விளம்பரத்தைப் பற்றிய தகராறு, பொருளைப் பற்றிய தகராறாக உருமாறிவிடுகிறது. 'வாடிக்கையாளர் நலனே முதன்மை' என்று நிறுவனங்கள் அறிவிப்பதை இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 2020 மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளை மட்டுமன்றி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளையும் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம்தான் என்கிறது 2019 சட்டம்.

ஆகவே, 'விவரத்துக்கு மாறானது' என்ற காரணம் பட்டியலில் இருந்தால் அதையே அழுத்துங்கள். இல்லாவிட்டால் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். விளம்பர வாசகத்தை ஒரு சொல் மாறாமல் எடுத்தெழுதி, 'இது இல்லை' என்று சொன்னால் போதும். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் அவர் தந்தாக வேண்டும்.

அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விளம்பரப் பக்கத்தை விற்பவர் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். தலைப்பு, அடியிலுள்ள விவரப் பட்டியல், விற்பனையாளர் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

'நாங்கள் வெறும் சந்தை'

தளங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. ஆனால் விவரமும் படமும் பொருளோடு ஒத்துப்போகும் என்ற உறுதிமொழியை விற்பனையாளரிடம் எழுதி வாங்க வேண்டியது தளத்தின் கடமை என்று அதே விதிகள் சொல்கின்றன. புகாரில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

மற்ற கேள்விகள்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால் போதுமா? பேசித் தீர்த்துவைக்க முயல்வார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

வழக்கு எங்கே? நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில்.

கட்டணம்? பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கிடையாது.

வக்கீல்? கட்டாயமில்லை.

எத்தனை நாள்? 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறார்களே, எனக்கு வருமா? வராது, அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிப்பது. உங்கள் இழப்பீட்டைத் தனியே கேட்க வேண்டும்.

3,000 ரூபாய்க்கு வழக்கா? ஆம். போனால் போகட்டும் என்று ஆளாளுக்கு விட்டுவிடுவதால்தான் அந்த '4கே' தலைப்பு அடுத்தவரையும் ஏமாற்ற அங்கேயே இருக்கிறது.