முள்ளங்கியைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

சித்தியவான் காலைச் சந்தைக்குப் போனால் வெள்ளை முள்ளங்கி பளபளவென்று அடுக்கியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து நறுக்கிய பிறகுதான், சில வேளைகளில், உள்ளே பஞ்சு போல வெளுத்து ஓட்டை ஓட்டையாக இருப்பது தெரியும். சாம்பாரில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது சக்கைதான். காசும் போச்சு, குழம்பும் போச்சு.

முள்ளங்கி குளிரை விரும்பும் பயிர். கேமரன் மலை போன்ற இடங்களில் நிதானமாகப் பருத்துக் கெட்டியாக வளரும். சூட்டில் வேகமாகப் பருத்தாலோ, பிடுங்க வேண்டிய நாளைத் தாண்டி மண்ணில் கிடந்தாலோ, நடுப்பகுதி வற்றிக் காற்றுப் புகுந்துவிடும். அதனால் பெரியதாக இருக்கிறதே என்று ஆசைப்படக் கூடாது. ஒரே அளவில் இரண்டை எடுத்துக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமானதே நல்லது. தோல் வழவழப்பாக, வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். இலையோடு கிடைத்தால், காம்பை ஒடித்துப் பார்க்கலாம். காம்பின் உள்ளே கூடாக இருந்தால் கிழங்கும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம்.

வாடியது வேறு, பஞ்சானது வேறு. வாடித் துவண்டதைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் ஓரளவு நிமிர்ந்துவிடும். பஞ்சானதை மீட்க வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, இலையை வெட்டிப் பிரிப்பது. இலை ஒட்டியிருக்கும் வரை கிழங்கிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கிழங்கைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். நம்மூர் வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாள்தான். நறுக்கிய மிச்சத்தை மூடிய டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் பாலும் முள்ளங்கி வாசம் வீசும்.

வெட்டிய இலையைக் குப்பையில் போடுவதுதான் பெரிய நஷ்டம். கிழங்கைவிட இலையில் வைட்டமின் சி-யும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். பாசிப்பருப்போ நெத்திலியோ சேர்த்துப் பிரட்டினால் ஒரு வேளைக் கறி ஆகிவிடும். இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

மலாயில் இது லோபாக் பூத்தே, கேரட் லோபாக் மேரா. பெயரில்தான் உறவு. கேரட் கொத்தமல்லிக் குடும்பம். முள்ளங்கியோ கடுகுக் குடும்பம். அந்தக் காரம் அங்கிருந்து வந்ததுதான். நறுக்கும்போதும் துருவும்போதும் திசுக்கள் உடைந்து காரம் பிறக்கிறது; வேகவைத்தால் அடங்கி இனிப்புத் தட்டுகிறது. இலைப் பக்கம் உள்ள மேல்பகுதி இனிப்பானது, தயிர்ப் பச்சடிக்கு அதுவே ஏற்றது. வால்பகுதியில் காரம் கூடுதல் என்பதால் சாம்பாருக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் போடலாம். பிள்ளைகள் பச்சையாகச் சாப்பிட மறுத்தால் தோலைச் சற்றுத் தடிப்பாகச் சீவுங்கள், காரம் பாதி போய்விடும்.

1903இல் பூச்சோவ் சீனர்கள் குடியேறிய ஊர் சித்தியவான். சீனர் சமையலில் முள்ளங்கி சூப்புக்கும் போகும், உப்பிட்டுக் காயவைத்த சாய் போவாகவும் மாறும். பொடியாக நறுக்கிய சாய் போவை முட்டையோடு பொரித்தால் கஞ்சிக்கு அருமையான துணை. உப்பு மிக அதிகம் என்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நன்றாக ஊறவைத்து, இரண்டு முறை அலசி, கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.