வீட்டுப்பாடம் பிள்ளைக்கா, அப்பாவுக்கா?

தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் பல வீடுகளில் காணும் காட்சி இது. லோக்கல் ரயிலில் நசுங்கி வந்த தகப்பனார் சட்டையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். "அப்பா, நாளைக்கு டீச்சர்கிட்ட நோட்டு காட்டணும்" என்று பையன் வந்து நிற்பான். அவருக்கோ அலுப்பு. பென்சிலைத் தாமே வாங்கி நான்கு கணக்குகளையும் போட்டுத் தள்ளிவிடுவார். பையன் தூங்கப் போய்விடுவான்.

மறுநாள் நோட்டில் 'சரி' விழும். பையனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை என்பது ஆசிரியைக்குத் தெரியாமலே போகும். பரீட்சையில்தான் அது வெளிவரும். அப்போது முதுகில் அடி விழுவதும் பையனுக்குத்தான்!

பிழையோடு போகும் நோட்டே மேல். எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியைக்கு அந்தப் பிழைதான் காட்டும்.

நம்மவர்களுக்கு இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கி 2020-ம் ஆண்டில் சட்டம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தாய்க்கு அந்த எழுத்தே தெரியாது. "எனக்கு என்னடா தெரியும், அப்பா வரட்டும்" என்று ஒதுங்கிவிடுகிறார். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, "இதுக்கு என்ன அர்த்தம், தமிழில் சொல்லு" என்று கேட்டால் போதும். திணறினால் பாடம் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அம்மாவுக்கே பாடம் சொல்லித் தருவதில் பிள்ளைக்கும் ஒரு பெருமை. வாய்ப்பாடும் அப்படித்தான். மராத்தியில் 'பாடே' என்று படித்தாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதானே! அரிசி களைந்துகொண்டே கேட்கலாம்.

பாடம் மலைபோல் குவிந்தால்? மத்திய அரசின் 2020-ம் ஆண்டு பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம். 6 முதல் 8 வரை நாளைக்கு 1 மணி நேரம். அதற்கு மேல் 2 மணி நேரம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை தினமும் பத்துப் பக்கம் எழுதினால், அதை நாம் எழுதிக் கொடுப்பதைவிடப் பள்ளிக்குப் போய்க் கேட்பதே முறை.

அரைநாள் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்பது உண்மைதான். போக முடியாதவர்கள், "ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் மூன்றாவது கணக்கு வரவில்லை" என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இங்கிலீஷோ மராத்தியோ தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஒரு வரியை எழுதித் தர மாட்டாரா, என்ன?