சிறைக்குள் செவிலியர் பணி

பொதுமக்கள் நல்வாழ்வைப் பற்றிய திட்டங்களில் கிராமம் உண்டு, நகரத்துச் சேரி உண்டு, பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் உண்டு. சிறைச்சாலை மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சுவருக்குள் இருப்போர் வெளியுலகோடு தொடர்பற்றவர்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினருக்குச் சற்று அதிகமானோர், தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். இவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ ஜாமீனில் வெளியேறித் தம் குடும்பங்களுக்குத் திரும்புகிறவர்கள். அவர்களோடு நோயும் உள்ளே வருகிறது, வெளியேயும் செல்கிறது. இந்த வழியில் நிற்பவர் சிறையின் செவிலியர்.

மும்பை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆர்தர் சாலைச் சிறை என்று வழங்கும் மும்பை மத்தியச் சிறை 1926இல் கட்டப்பட்டது. சாலையின் பெயர் சானே குருஜி மார்க் என்று மாறிவிட்ட போதிலும் சிறையின் பழைய பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 800 பேருக்கென வகுக்கப்பட்ட அச்சிறையில் அதைப்போல் மூன்று மடங்கினர் அடைக்கப்படுவது பல ஆண்டுகளாக நீடித்த நிலை. 2020 மே மாதத்தில் கொரோனா தொற்று அங்கு புகுந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளும் காவற்பணியாளர் பலரும் நோயுற்றனர். நோயுற்ற கைதிகளைத் தனிமைப்படுத்தச் செம்பூரை அடுத்த மாகுலில் இடம் தேட வேண்டியதாயிற்று. கூட்டம் நெருங்கிய கொட்டடியில் ஆளுக்கு ஆள் இடைவெளி என்பது சுற்றறிக்கையில் மட்டுமே சாத்தியம்.

சிறை நிர்வாகத்திற்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். புதிதாக வரும் கைதியைப் பரிசோதித்து உடல்நிலையையும் மேனியிலுள்ள காயங்களையும் ஏட்டில் பதிய வேண்டும் என்றும், ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ நோயாளிகளுக்குத் தக்க இடமோ இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. மருத்துவ அலுவலரைக் குறிப்பிடுகிறது. அவருக்குக் கீழ்ப்பட்ட உதவி மருத்துவரையும், மருந்து கலப்பவரையும் கூடக் குறிப்பிடுகிறது. செவிலியரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2016ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேடு சிறை மருத்துவமனைப் பணியாளர் வரிசையில் செவிலியருக்கு உரிய இடம் அளித்தது. கையேட்டில் இடம் கிடைத்துவிட்டது. எல்லாச் சிறைகளிலும் நாற்காலி நிரம்பிவிட்டதா என்பது வேறு கேள்வி.

முதுநிலைச் செவிலியரின் நாள், முதல் நாள் மாலை நீதிமன்றத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களோடு தொடங்குகிறது. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் யார், வலிப்பு நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர் யார், மதுவையோ போதைப்பொருளையோ திடீரென நிறுத்தியதால் கை நடுங்குபவர் யார் என்பதை அப்போதே கண்டறிய வேண்டும். ஓரிரவு தாமதித்தாலும் உயிருக்கே ஆபத்து நேரலாம். காயங்களை உள்ளது உள்ளபடி எழுதுவதும் அப்போதுதான். அடிபட்ட தடம் நாளடைவில் மறைந்துவிடும். ஏட்டிலுள்ள வரி நிலைத்து நிற்கும்.

பிறகு புறநோயாளிகள் வரிசை. வெளியூர் மருத்துவமனையில் செவிலியர் எதிர்கொள்ளாத ஒரு சங்கடம் இங்கே உண்டு. நோயாளி உண்மையிலேயே நோயாளியா, கொட்டடியிலிருந்து சற்று வெளியேற நடிக்கிறாரா என்ற ஐயம் சிறைச் சூழலில் எப்போதும் இருக்கும். காவலர் அதை உரக்கச் சொல்லவும் செய்வார். இந்த ஐயத்தைச் செவிலியரும் மனத்தில் ஏற்றிக்கொண்டால் நெஞ்சுவலி என்று வரும் பத்துப் பேரில் உண்மையான ஒருவரைத் தவறவிடுவது உறுதி. ஜே.ஜே. மருத்துவமனை போன்ற வெளி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமானால் காவல்துறை வழிக்காவல் வேண்டும். காவலர்கள் நான்கு பேருக்குத்தான் உண்டு, நோயாளிகள் எட்டுப் பேர் என்றால் யாரை அனுப்புவது? நெல்சன் மண்டேலா விதிகள் என்று வழங்கும் ஐக்கிய நாடுகள் சபையின் 2015ஆம் ஆண்டு விதிகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன: மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளரே எடுக்க வேண்டும், சிறை அதிகாரி அதை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது. விதி தெளிவு. ஆயினும் அன்றாடம் அதிகாரியின் மேசைக்கு முன் நின்று அதை வற்புறுத்தும் துணிவு பட்டறிவு மிக்க மூத்தவருக்கே எளிதில் வரும்.

மாத்திரை வழங்குவதும் சிறையில் தனிக்கலை. கையில் கொடுத்துவிட்டு நகர முடியாது. கண்ணெதிரே விழுங்கச் செய்ய வேண்டும். சேர்த்து வைக்கப்படும் தூக்க மாத்திரை பண்டமாற்றுப் பொருளாகும். அல்லது ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளப் பயன்படும். 2022இல் நாட்டுச் சிறைகளில் இறந்த 1,995 பேரில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பேச்சைக் குறைத்து, உணவைத் தள்ளி, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை முதலில் கவனிக்கக்கூடியவரும் மாத்திரைத் தட்டோடு கொட்டடி தோறும் செல்லும் செவிலியரே.

சொறி சிரங்கு போன்ற எளிய நோயும் இங்கே எளிதன்று. ஒருவருக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. அந்தக் கொட்டடியில் படுப்போர் அனைவருக்கும் ஒரே நாளில் பூசி, துணியையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்து உலர்த்த வேண்டும். அதற்குத் தண்ணீரும் வெயில்படும் முற்றமும் கண்காணிப்பாளரின் ஒத்துழைப்பும் தேவை. மருந்துக் குப்பியைவிட இவற்றைப் பெறுவதே கடினம்.

பைகுல்லாவில் உள்ள சிறையில் பெண்கள் அடைக்கப்படுகின்றனர். தாயோடு ஆறு வயது வரை குழந்தைகளும் இருக்கலாம். 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கர்ப்பிணிகளுக்கு மகப்பேறு இயன்றவரை சிறைக்கு வெளியே நிகழ வேண்டும் என்றும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிறை பிறந்த இடமாகக் குறிக்கப்படலாகாது என்றும் கட்டளையிட்டது. தடுப்பூசி அட்டவணை, எடைப் பதிவு, தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை ஆகியன அங்கே செவிலியரின் அன்றாடப் பொறுப்பு. அங்கன்வாடிப் பணியும் சேர்ந்தது என்றே கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது காசநோய். நெரிசலும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த சிறைகளில் அந்நோய் வெளியே உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது உலகெங்கும் கண்ட உண்மை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மும்பை பெயர் பெற்ற நகரம். மாத்துங்காவை அடுத்த மாகிமில் உள்ள இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய நோயாளிகள் சிலரைப் பற்றி வெளியிட்ட செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாத மருந்து வேண்டும். நடுவில் நிறுத்தினால் அடங்காத வகை உருவாகும் அபாயம் உண்டு.

விசாரணைக் கைதியோ எந்த நாள் வெளியேறுவார் என்று யாரும் அறியார். ஜாமீன் ஆணை பிற்பகலில் வந்து சேரும். மாலையில் வாயில் திறக்கும். தாராவிக்குச் செல்பவர் ஒருவர் இரண்டு மாத மருந்து உண்டு, இருமல் நின்று, தாம் குணமடைந்துவிட்டதாக நம்பிக்கொண்டே வெளியேறுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மூன்று தலைமுறையாக வாழும் குடும்பமாயின் பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் இருப்பர். அவருக்கு அருகிலேயே, சோட்டா சயான் என்று மக்கள் அழைக்கும் சயான் மருத்துவமனையின் நகர்நல மையம் இருக்கிறது, மருந்தும் இலவசம். ஆனால் சிறையில் தொடங்கிய சிகிச்சையின் பதிவு அங்கே சென்று சேர வேண்டும். தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நிக்ஷய் கணினிப் பதிவு இதற்கு வழி செய்துள்ளது. நோயாளியின் எண்ணை அவர் கையில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பதும், அவருக்கு விளங்கும் மொழியில் இன்னும் எத்தனை மாதம் என்று சொல்வதும் ஒரு மனிதரின் வேலை. மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமன்றித் தமிழில் நான்கு வார்த்தை பேசக்கூடிய செவிலியர் இருந்தால் அச்சீட்டு குப்பைக்குப் போகாது.

இங்கிலாந்தில் சிறை மருத்துவப் பணி முழுவதும் 2006இல் சிறைத்துறையிடமிருந்து தேசிய நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. செவிலியர் கைதிகளின் காவலருக்கு அன்றி நல்வாழ்வுத் துறைக்குப் பதில் சொல்பவர் ஆனார். நம் மாநிலங்களும் செவிலியரை நகராட்சி, அரசு மருத்துவமனைகளிலிருந்து சுழற்சி முறையில் சிறைக்கு அனுப்பி, மூன்றாண்டுக்கொரு முறை மாற்றினால் இரண்டு நன்மைகள் கிடைக்கும். சிறையின் பழக்கவழக்கங்களுக்கு அவர் முற்றிலும் பழகிப்போக மாட்டார். சயானுக்கோ சிவ்ரி காசநோய் மருத்துவமனைக்கோ தொலைபேசியில் ஒரு நோயாளியை ஒப்படைக்கும்போது மறுமுனையில் பேசுபவர் அவருக்குத் தெரிந்தவராக இருப்பார். இதற்குப் புதிய கட்டிடம் எதுவும் தேவையில்லை. மாலை விடுதலைப் பட்டியல் வாயிலுக்குச் செல்லும் முன் ஒருமுறை மருத்துவமனை மேசையைக் கடந்து செல்ல வேண்டும் என்று ஓர் ஆணையும், அந்நேரம் வரை பணியிலிருக்க ஒரு செவிலியரும் போதும்.