யாவர்க்கும் திறந்த மலைகள்

இங்கிலாந்து என்றதும் இலண்டன் மாநகரும் தேம்ஸ் நதியும் அரச மாளிகையுமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். அந்நாட்டுக்குச் செல்வோரிற் பலர் தலைநகரைச் சுற்றிப் பார்த்த அளவில் திரும்பிவிடுவர். ஆங்கிலேயரோ தம் நாட்டின் அழகு நாட்டுப்புறத்திலேயே குடிகொண்டுள்ளது என்று பெருமையுடன் கூறுவர். மலை வளத்தையும் பழமைச் சின்னங்களையும் ஒருங்கே காண விரும்புவோருக்கு ஏற்ற பகுதி ஒன்று அந்நாட்டின் நடுப்பாகத்தில் உண்டு. மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெபீல்ட் என்னும் இரு பெருங் கைத்தொழில் நகரங்களுக்கும் இடையே, ஏறத்தாழ 555 சதுர மைல் பரப்பில் அது விரிந்து கிடக்கின்றது. பீக் மலைநாடு என்று அதனைக் கூறலாம்.

பீக் என்னும் ஆங்கிலச் சொல் சிகரத்தைக் குறிக்கும். எனினும், வானை முட்டும் கூரிய சிகரம் எதனையும் அங்கே காண முடியாது. பழைய சக்சன் காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்த பெக்சீட்டன் என்னும் மக்கட் கூட்டத்தின் பெயரோடு இப்பெயர் தொடர்புடையது. அங்குள்ள மேடுகளில் மிக உயர்ந்ததாகிய கிண்டர் ஸ்கவுட் 2,087 அடி உயரமே உடையது. அதன் உச்சியும் மேசைபோற் பரந்த மேட்டுநிலமாகவே இருக்கின்றது. உயரத்தால் அன்றி, அங்கு நிகழ்ந்த வரலாற்றாலேயே இம்மலைநாடு சிறப்புப் பெற்றது. அதன் அழகை இன்று எவரும் தடையின்றிக் காணலாம். ஆனால் அந்த உரிமை எளிதில் வந்ததன்று.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இம்மலைநாடு இருவகைக் கற்களால் ஆயது. தெற்கிலும் நடுவிலும் சுண்ணக்கல் பரந்துள்ளது. வெண்மை கலந்த அக்கல்லை நீர் அரித்ததனாற் குறுகிய பள்ளத்தாக்குகளும் நிலத்தடிக் குகைகளும் தோன்றின. இப்பகுதியை வெண்பீக் என்பர். வடக்கிலும் இரு பக்கங்களிலும் உள்ளது கரடுமுரடான மணற்கல். அதன்மேல் முற்றா நிலக்கரி படிந்த சதுப்பு நிலமும், ஹெதர் என்னும் குறுஞ்செடிகளும் காணப்படும். இது கரும்பீக் எனப்படும். ஓகஸ்ட் மாதத்தில் ஹெதர் பூக்கும்போது மலைச்சரிவுகள் எங்கும் ஊதா நிறம் பரவும். இந்த மணற்கல்லிலிருந்தே முற்காலத்தில் தானியம் அரைக்கும் திரிகைக் கற்களைச் செதுக்கினர். விலைபோகாமற் கைவிடப்பட்ட கற்கள் இன்றும் பாறையடிகளிற் சிதறிக் கிடக்கின்றன. அத்திரிகைக் கல்லே இம்மலைநாட்டின் சின்னமாக விளங்குகின்றது.

மான்செஸ்டரையும் ஷெபீல்டையும் இணைக்கும் புகையிரதப் பாதை இம்மலைகளை ஊடறுத்துச் செல்கின்றது. அதில் ஈடேல் என்னும் சிறு நிலையத்தில் இறங்கித் தெற்கே ஒரு மலைமுகட்டைக் கடந்தால், காசில்டன் என்னும் கிராமத்தை அடையலாம். அம்முகட்டில் நிற்பது மாம் டோர். தாய்மலை என்பது அப்பெயரின் பொருள். அதன் உச்சியைச் சுற்றி, வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் எழுப்பிய மண்ணரணின் தடங்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அம்மலையின் ஒருபுறம் உறுதியற்ற பாறைப் படைகளால் ஆனது; அடிக்கடி சரிந்து விழும் இயல்புடையது. அதனால் அதனை நடுங்கும் மலை என்றும் அழைப்பர். அதன் அடிவாரத்தில் அமைந்திருந்த பெருந்தெருவை மண்சரிவு மீண்டும் மீண்டும் சிதைத்தமையால், 1979ஆம் ஆண்டில் அத்தெரு முற்றாக மூடப்பட்டது. பிளந்து மடிந்து கிடக்கும் அத்தெருவின் எச்சங்களை இன்றும் நடந்து சென்று காணலாம்.

காசில்டன் கிராமத்துக்கு மேலே, செங்குத்தான பாறையொன்றிற் பெவரில் கோட்டை நிற்கின்றது. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், வில்லியம் பெவரில் என்னும் பிரபு இதனை அமைத்தான். அதன் கற்கோபுரம் இரண்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1176ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டது. கோட்டைப் பாறையின் அடியிலே பெருங்குகை ஒன்று வாய் திறந்து நிற்கின்றது. அக்குகையின் வாயிலிற் பல தலைமுறைகளாகக் கயிறு திரிப்போர் குடியிருந்து தொழில் செய்தனர். அயலிலுள்ள வேறு குகைகளில் நீலமும் மஞ்சளும் வரிவரியாக ஓடும் புளூ ஜோன் என்னும் அரிய கனியம் கிடைக்கின்றது. அதைக் கடைந்து கிண்ணங்களும் அணிகலன்களும் செய்வர்.

காசில்டனுக்குத் தென்கிழக்கே சில மைல் தூரத்தில் ஈம் என்னும் கிராமம் உண்டு. அங்கே கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. சாதாரணக் குடியானவரும் சுரங்கத் தொழிலாளரும் வாழ்ந்த ஊர் அது. எனினும், அவ்வூருக்குச் செல்வோர் தாமாகவே குரலைத் தாழ்த்திப் பேசுவர்.

1665ஆம் ஆண்டில் இலண்டனிற் கொள்ளைநோய் பரவியது. அவ்வாண்டு இறுதிக் கோடையில் இலண்டனிலிருந்து துணிப் பொதியொன்று ஈம் கிராமத்துத் தையற்கடைக்கு வந்தது. அத்துணியில் இருந்த தெள்ளுப் பூச்சிகளோடு நோயும் ஊருக்குள் புகுந்தது என்பர். தையல் வேலை செய்த ஜோர்ஜ் விக்கர்ஸ் என்பவர் முதலில் இறந்தார். குளிர்காலத்தில் சற்றே தணிந்த நோய், மறுவருட வேனிலில் மீண்டும் மூண்டது. ஊரார் அஞ்சி ஓடியிருந்தால் அயற் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் நோய் சென்றிருக்கும். அவ்வேளையில் வில்லியம் மொம்பெசன் என்னும் இளங் குருவானவரும், அவருக்கு முன் அப்பதவி வகித்த தோமஸ் ஸ்டான்லி என்பவரும் ஒன்றுகூடி ஊர்மக்களுக்கு ஓர் அரிய யோசனையைக் கூறினர். ஊரின் எல்லையை எவரும் தாண்டலாகாது என்பதே அது. மக்கள் அதற்கு இணங்கினர்.

அன்றுமுதல் எல்லைக் கற்களிலேயே கொடுக்கல் வாங்கல் நடைபெற்றது. அயலூரார் உணவை அங்கே வைத்துச் செல்வர். ஈம் மக்கள் அதற்குரிய காசை வினாகிரி ஊற்றிய குழிகளில் இட்டுச் செல்வர். அக்குழிகள் கொண்ட கல் இன்றும் உள்ளது. கோயிலிற் கூடாமல், திறந்த வெளியில் ஒருவருக்கொருவர் விலகி நின்று வழிபட்டனர். எலிசபெத் ஹான்கொக் என்னும் பெண்மணி, எட்டு நாட்களுக்குள் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அடக்கம் செய்தாள். குருவானவரின் மனைவி கதரீனும் 1666ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இறந்தாள். பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். ஆயினும், சூழவிருந்த நாடு பிழைத்தது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத இறுதி ஞாயிறன்று அவ்வூரார் அவர்களை நினைவுகூர்கின்றனர். 2020ஆம் ஆண்டிற் புதிய தொற்றுநோய் உலகெங்கும் மக்களை வீட்டினுள் அடைத்தபோது, ஈம் கிராமத்தின் கதை மீண்டும் பலராற் பேசப்பட்டமை வியப்பன்று.

அந்நாட்களில் ஈம் மக்களுக்கு உணவு அனுப்பி உதவியவருள் டெவன்சயர்ப் பிரபுவும் ஒருவர். அவருடைய இல்லமாகிய சாட்ஸ்வேர்த், ஈம் கிராமத்துக்குத் தெற்கே டேர்வென்ற் ஆற்றங்கரையில் உள்ளது. கவெண்டிஷ் குடும்பத்தார் 1549ஆம் ஆண்டில் அந்நிலத்தை வாங்கினர். இன்று காணப்படும் மாளிகையின் பெரும்பகுதி 1687ஆம் ஆண்டுக்கும் 1707ஆம் ஆண்டுக்கும் இடையில், முதலாவது டெவன்சயர்க் கோமகன் காலத்தில் எழுந்தது. அழகிய ஓவியங்களும் சிலைகளும் நூலகமும் அங்கு உள்ளன. ஜோசெப் பாக்ஸ்டன் என்னும் பெயர்பெற்ற தோட்ட நிபுணர் அங்கே பணியாற்றினார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சிக்குப் பளிங்கு மாளிகை போன்ற கண்ணாடிக் கட்டடத்தை வகுத்தவரும் அவரே.

இத்தகைய மாளிகையின் அழகு எத்துணை அதிகாரத்தால் விளைந்தது என்பதையும் காண்போர் சிந்தித்தல் தகும். சாட்ஸ்வேர்த் பூங்காவின் அருகே என்சர் என்னும் கிராமம் இருந்தது. மாளிகையிலிருந்து நோக்குவோரின் கண்ணுக்கு உறுத்தலாக இருந்தமையால், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆறாவது கோமகன் அதன் வீடுகளை அகற்றி, அப்பால் வேறோர் இடத்திற் புதிய ஊரை அமைத்தார். ஓர் ஊரையே இடம்பெயர்க்கும் வல்லமை அன்று நில உடைமையாளருக்கு இருந்தது. காலம் மாறியது. 1950ஆம் ஆண்டிற் பத்தாவது கோமகன் காலமானபோது, சொத்தில் நூற்றுக்கு எண்பது வீதம் மரணவரியாக விதிக்கப்பட்டது. அதைத் தீர்க்க நிலங்களையும் கலைப்பொருட்களையும் கைவிட நேர்ந்தது. இன்று கட்டணம் செலுத்தி வரும் பொதுமக்களே அம்மாளிகை நிலைபெற உதவுகின்றனர்.

நிலவுடைமையின் பிடி மாளிகையைச் சூழ்ந்த பூங்காவோடு நிற்கவில்லை. வடமேற்கே உள்ள கிண்டர் மேட்டுநிலமும் செல்வந்தரின் கையிலேயே இருந்தது. கிரவுஸ் என்னும் காட்டுப் பறவையை வேட்டையாடுவதற்காக அதனை அடைத்துக் காவலரை நிறுத்தினர். வேட்டை நடைபெறுவதோ ஆண்டிற் சில நாட்களே. ஆனால் வாரம் முழுவதும் ஆலைப் புகையிலும் இயந்திர இரைச்சலிலும் உழைத்த தொழிலாளர் ஞாயிறன்று மலைக்காற்றை நாடி வந்தால், எங்கும் தடைப்பலகைகளே அவர்களை எதிர்கொண்டன.

1932ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 24ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 400 பேர் ஹேபீல்ட் என்னும் ஊரிற் கூடித் தடையை மீறிக் கிண்டர் மேட்டை நோக்கி நடந்தனர். இருபது வயதினராகிய பென்னி ரொத்மன் என்பவர் அவர்களை முன்னின்று நடத்தினார். வழியில் காவலரோடு கைகலப்பு ஏற்பட்டது. திரும்பி வந்தபோது சிலர் கைதாயினர். ஐவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம். மலைநடையர் சங்கத்தார் அனைவரும் அச்செயலை அன்று ஆதரித்தனர் என்று கூற இயலாது. பேச்சுவார்த்தையாற் பெறக்கூடியதை இவர்கள் கெடுத்துவிட்டனர் என்று கடிந்தோரும் இருந்தனர். எனினும், அத்தண்டனைகளின் கடுமை நாட்டு மக்களின் மனத்தைத் தொட்டது.

1949ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் தேசியப் பூங்காக்களை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1951ஆம் ஆண்டில் பீக் மலைநாடே பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. பூங்கா என்றதும் மக்கள் வாழாத இடம் என்று கருதலாகாது. பல்லாயிரம் பேர் அங்கே வாழ்கின்றனர். நிலத்திற் பெரும்பகுதி இன்றும் தனியாருடையதே. அதன் இயற்கை அழகு கெடாமற் காப்பதே சட்டத்தின் நோக்கம். 1965ஆம் ஆண்டில் ஈடேலிலிருந்து ஸ்கொட்லாந்து எல்லைவரை, ஏறத்தாழ 268 மைல் நீளமான பெனைன் நடைபாதை திறக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டிற் கிண்டர் மேட்டை தேசிய நம்பிக்கை நிதியம் வாங்கியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் நடக்கும் உரிமையை உறுதி செய்தது. ரொத்மன் 2002ஆம் ஆண்டு சனவரியிற் காலமானார். அவ்வாண்டு ஏப்பிரலில், அவ்வெழுச்சியின் எழுபதாவது நிறைவு விழாவிற் பதினோராவது டெவன்சயர்க் கோமகன் எழுந்து, தம் பாட்டனார் காலத்தில் நிகழ்ந்தது பெருந்தவறு என்று கூறி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க ரொத்மன் இருக்கவில்லை.

உரிமை கிடைத்தபின் கடமை ஒழிந்துவிடுவதில்லை. பல்லாயிரம் கால்கள் நடந்தமையாற் பெனைன் பாதையின் சதுப்பு நிலம் சேறாகிச் சிதைந்தது. ஆலைப் புகையும் மேட்டுநிலத்துப் பாசிகளை ஏற்கெனவே அழித்திருந்தது. பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களைக் கொண்டுவந்து பாதையிற் பதித்தனர்; அரித்தோடும் நீரை அணைகட்டி மறித்துப் பாசியை மீண்டும் நட்டனர். ஒரு காலத்தில் தொழிலாளர் நின்று உழைத்த ஆலைக் கற்களின்மீதே இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் மலையேறுகின்றனர். 2018ஆம் ஆண்டுக் கோடையில் அயலிலுள்ள சாடில்வேர்த் மேட்டுநிலத்தில் மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது; அதை அணைக்க இராணுவமும் அழைக்கப்பட்டது. அதனால், உலர்ந்த காலத்தில் அங்கே தீ மூட்டலாகாது. மேய்ச்சல் நிலத்தின் படலையைத் திறந்து செல்வோர் அதனை மீண்டும் அடைத்தல் வேண்டும். மார்ச்சு முதல் யூலை முடிய, நிலத்திற் கூடுகட்டும் பறவைகளின் பொருட்டு நாய்களைக் கயிற்றிற் பிடித்துச் செல்வது அவசியம். மழையும் மூடுபனியும் திடீரெனச் சூழும் இடமாதலால், தக்க காலணியும் நிலப்படமும் இன்றி உச்சிக்குப் போதல் நன்றன்று.

ஈம் மக்கள் அயலார் வாழத் தம்மை அடைத்துக்கொண்டனர். கிண்டர் மேட்டில் நடந்தோர் அயலாரும் வரத் தடையை உடைத்தனர். இவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட தூரம் சில மைல்களே. இவற்றை மனத்திற் கொண்டு அங்கே நடப்பவருக்கு அம்மலைகள் வெறுங் காட்சியாகத் தோன்றா. தமக்கு முன் வாழ்ந்தோர் விலை கொடுத்துப் பெற்று, பின்வருவோருக்காகத் தம் கையில் ஒப்படைத்த பொதுச் சொத்தாகவே தோன்றும்.