தீர்த்தன் நதியில் தூண்டில்

மலையாற்றில் தூண்டில் போடுவது என்றால், அது துரைமார்களின் பொழுதுபோக்கு என்றே நம்மவர்களில் பலருக்கு எண்ணம். தலையில் தொப்பி, இடுப்பு வரையில் ரப்பர் ஜோடு, வாயில் சுங்கான் சகிதமாக நீரின் நடுவே ஒரு வெள்ளைக்காரர்; கரையில் கூடையும் கையுமாக நம் நாட்டுச் சேவகர் ஒருவர். பழைய படங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திராதவர் சிலரே இருப்பர். இதில் உண்மை இல்லாமலும் இல்லை. இமயத்து ஆறுகளில் இன்று துள்ளும் ட்ரௌட் மீன், துரைமார்கள் தங்கள் விளையாட்டுக்காகக் கடல் கடந்து கொண்டுவந்து விட்டதுதான். ஆயினும் ஹிமாசலப் பிரதேசத்துக் குலு ஜில்லாவில் ஓடும் தீர்த்தன் நதியில், அந்த அந்நிய மீன் நம் சுதேசி நதி ஒன்றைக் காப்பதற்குத் துணை நின்றிருக்கிறது. ஆதலால் இதைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

ட்ரௌட்டில் முக்கியமாக இரு ஜாதிகள் நம் நாட்டில் உண்டு. உடலெங்கும் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி வைத்த பழுப்பு ட்ரௌட் ஐரோப்பாவுக்கு உரியது. விலாப்புறத்தில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் ட்ரௌட், வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கத்தது. 1899-ல் காஷ்மீரத்துக்கு அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்து போயின. மறு ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை வைத்திருந்த மிட்செல் என்பவர் ஹார்வானில் அவற்றை வளர்த்தார். அங்கிருந்து 1909-ல் ஹோவல் என்ற அதிகாரி குலுவுக்கு முட்டைகளைத் தருவித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் நம் நீலகிரியிலும் சென்னை ஸர்க்காரைச் சேர்ந்த வில்ஸன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, வானவில் ட்ரௌட்டை நிலைபெறச் செய்தார். எங்கும் காரணம் ஒன்றே: குளிர்ந்த நீர். இருபது டிகிரி உஷ்ணத்துக்கு மேல் போனால் இந்த மீன் தவிக்கத் தொடங்கிவிடும். காவேரியிலோ தாமிரபரணியிலோ சமவெளியில் அதை விட்டால் ஒரு சித்திரை மாதத்தைத் தாண்டாது.

மண்டியிலிருந்து குலுவுக்குப் போகும் ராஜபாட்டையில், ஔட் என்ற இடத்தில் நீண்ட சுரங்கப் பாதை ஒன்று உண்டு. அதற்குள் நுழையாமல் வலப்புறம் திரும்பினால் லார்ஜி. பியாஸ் நதியுடன் ஸைஞ்ச் நதியும் தீர்த்தன் நதியும் வந்து கலக்கும் இடம் அது. தீர்த்தனைப் பற்றிக்கொண்டே மேலே சென்றால் பஞ்சார். அதற்கப்பால் நாகினி, குஷைனி முதலிய கிராமங்கள். இங்கேதான் ஆற்றங்கரையில் கூடாரங்கள் அடித்திருக்கிறார்கள். குஷைனிக்கும் மேலே, கால்நடையாகச் சென்று சேர வேண்டிய தொலைவில், மகா இமாலயத் தேசிய வனம் ஆரம்பமாகிறது. 1999-ல் தேசிய வனமாக அறிவிக்கப்பெற்ற இக்காடு 2014-ல் உலகப் பாரம்பரிய ஸ்தலங்களின் ஜாபிதாவில் சேர்ந்தது. தீர்த்தனின் தலைநீர் அக்காட்டின் உச்சிப் பனியிலிருந்து வருகிறது.

கூடாரத்தில் முதல் இரவு தூங்குவது சிரமம். ஆற்றின் இரைச்சல் அப்படி. இரண்டாம் இரவில் அதுவே தாலாட்டாகிவிடுகிறது. ஆனால் ஆற்றங்கரை முகாமில் தங்குவதன் உண்மையான பயன் விடியற்காலையில்தான் தெரியும். முதல் நாள் பகலெல்லாம் வெயிலில் உருகிய பனி, மாலையில் ஆற்றைப் பெருக்கிக் கலக்கிவிட்டுப் போயிருக்கும். இரவுக் குளிரில் உருகல் அடங்கிவிடுவதால் காலையில் நீர் வடிந்து, பச்சைக் கண்ணாடிபோல் அடித்தளம் தெரிய நிற்கும். ஊரிலிருந்து வண்டி ஏறிப் பத்து மணிக்கு வருபவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்கிறார்கள். விலை உயர்ந்த ஜோட்டை மாட்டிக்கொண்டு, நேரே ஆற்றின் நடுவுக்கு நடந்து, அங்கிருந்து எதிர்க் கரையை நோக்கித் தூண்டிலை வீசுகிறார்கள். மீன் இருந்த இடமெல்லாம் அவர்கள் மிதித்துக்கொண்டு வந்த இடமே! வேகமான நீரில் நாள் முழுவதும் எதிர்த்து நீந்த ட்ரௌட்டுக்கும் பலம் இல்லை. பாறையின் மறைவு, கரை குடைந்த நிழல், ஓடும் நீரும் தேங்கும் நீரும் உரசும் விளிம்பு என்று இளைப்பாறும் இடம் பார்த்து, நீர் வரும் திசையை நோக்கி முகம் வைத்து நிற்கும். மிதந்து வரும் பூச்சியை எட்டிப் பிடித்துவிட்டுப் பழையபடி தன் ஸ்தானத்துக்குத் திரும்பும். இத்தகைய இடங்களில் பாதி கரையோரத்திலேயே, ஒரு முழம் நீரில் இருக்கின்றன. ஆகவே அனுபவசாலிகள் முதலில் ஜோடு நனையாமல் கரையில் நின்றே அந்த ஓரங்களைத் துழாவிப் பார்க்கிறார்கள். மீனின் பின்புறமாக, அதாவது ஓட்டத்துக்குக் கீழேயிருந்து மேல் நோக்கிப் போகவேண்டும். நம் நிழல் நீரில் விழலாகாது. கூழாங்கல் சரியும்படி நடக்கவும் கூடாது.

பூச்சியைப் போல இறகும் பட்டு நூலும் சுற்றிய முள்ளை மிதக்க விடுவதுதான் இதில் உயர்ந்த வித்தை என்பர். பளபளவென்று சுழலும் பித்தளைத் தகடு கட்டி இழுப்பவர்களும் உண்டு. எந்த முள்ளைக் கட்டுவது என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை. ஓரத்து நீரிலிருந்து ஒரு கல்லைப் புரட்டினால், அதன் அடியில் மணல் கூடு கட்டிய புழுக்களும், தட்டையான கால்களுடன் ஊரும் பூச்சிக் குஞ்சுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதாம் அன்றைய விருந்து. அவற்றின் அளவுக்கும் நிறத்துக்கும் ஒத்த முள்ளே நல்ல முள். பார்த்த பிறகு கல்லைப் புரட்டியபடியே திரும்ப வைத்துவிட வேண்டும். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெரியவர், "கூரையைப் பிரித்தால் மூடிவிட்டுப் போங்கள், பாபுஜி!" என்று இதைத்தான் சொன்னார்.

நீருக்குள் இறங்கித்தான் ஆகவேண்டிய இடங்களும் உண்டு. அங்கே அசட்டுத் துணிச்சல் ஆகாது. தீர்த்தனின் கற்கள் பாசி பிடித்து எண்ணெய் பூசினாற்போல் வழுக்கும். கையில் ஒரு தடி இருக்கவேண்டும். ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகே மறு காலைப் பெயர்க்க வேண்டும். அதையும் தூக்காமல் தரையோடு நகர்த்த வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகநீர் ஏறுமானால் திரும்பிவிடுவதே விவேகம். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். எழுந்து நிற்க முயன்று பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பனிநீரில் சில நிமிஷங்களிலேயே விரல் மரத்துப் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முடிய ட்ரௌட் பிடிக்க ஹிமாசல ஸர்க்கார் தடை விதித்திருக்கிறது. பழுப்பு ட்ரௌட் பரலில் வாலால் குழி பறித்து முட்டையிட்டு மூடும் காலம் இது. மற்ற மாதங்களில் மீன் துறையின் உரிமச் சீட்டு பெற்றுப் பிடிக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் மழையால் ஆறு செம்மண் குழம்பாகிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களும், மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசியும் அக்டோபருமே உகந்தவை.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ட்ரௌட் வருமுன் இந்த ஆறுகள் வெறுமையாய் இருக்கவில்லை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த சுதேசி மீன் ஒன்று தொன்றுதொட்டு இவற்றில் வாழ்கிறது. கீழ்நோக்கிய வாயால் கல்லிலுள்ள பாசியைச் சுரண்டித் தின்னும் ஸாது அது. துரைமார்கள் இதையும் விடாமல், பனி ட்ரௌட் என்று தங்கள் மீனின் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள். பழுப்பு ட்ரௌட்டோ பிற மீன்களின் குஞ்சுகளைத் தின்னும் ஜாதி. வந்தேறியால் வீட்டுக்காரனுக்கு இடைஞ்சல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இருந்தும் அந்த வந்தேறிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். லார்ஜியில் பியாஸைத் தடுத்து 126 மெகாவாட் மின்சார நிலையம் எழுந்தது. பக்கத்து ஸைஞ்ச் பள்ளத்தாக்கிலும் நதியைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டார்கள். தீர்த்தன் பள்ளத்தாக்கிலும் சிறு மின் திட்டங்கள் வர இருந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். நியாயஸ்தலம் வரையில் சென்றார்கள். காட்டையும் ட்ரௌட்டையும் காரணமாகக் காட்டி நதிக்கு விலக்குப் பெற்றார்கள். லார்ஜிச் சங்கமத்துக்கு மேலே தீர்த்தனின் குறுக்கே பெரிய அணை எதுவும் இல்லாதிருப்பதும், சுதேசி மீனுக்கும் ஓடும் நீர் மிஞ்சியிருப்பதும் இதன் பலனே.

அணையிலிருந்து தப்பிய நதிக்கு இப்போது அபாயம் எங்களைப் போன்ற விருந்தாளிகளால்தான். கரையை ஒட்டிக் கட்டடங்கள் முளைக்கின்றன. பாதை வெட்டிய மண்ணை ஆற்றில் தள்ளினால் அது பரல் இடுக்குகளை அடைத்து, உள்ளே இருக்கும் முட்டைகளை மூச்சுத் திணறச் செய்கிறது. 2023 ஜூலையில் பியாஸ் பெருகிக் குலு ஜில்லாவில் கரையோரக் கட்டடங்களை வாரிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகும் ஆற்றின் இடத்தை ஆற்றுக்கு விட நமக்கு மனம் வரவில்லை. கூடாரம் அடிப்பவராவது மேட்டில் அடிக்கலாம். சோப்பு நீரை ஆற்றில் கொட்டாமல் தூரத்து மண்ணில் ஊற்றலாம்.

நம் வாசகர்களில் மரக்கறி உண்பவர் பலர். "தின்னாத மீனைப் பிடிப்பானேன்?" என்று அவர்கள் கேட்கக்கூடும். பிடித்ததைத் திரும்ப விடும் வழக்கம் இங்கே வளர்ந்துவருகிறது. முள்ளின் எதிர்க்கொக்கியை முன்னதாகவே குறட்டால் நசுக்கிவிடுகிறார்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலிருந்து எடுக்காமலே முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை நோக்கித் தலையைப் பிடித்து, செவுள் நன்றாக அசையும் வரையில் தாங்கிக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் அது வாலை ஒரு முறை உதறிப் பாறை நிழலுக்குள் போய்விடுகிறது.