வட்டகொடை கற்ற ஆங்கிலம்

தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதம், கிரேட் வெஸ்டர்ன் மலையடியைச் சேருமுன் வட்டகொடையில் சற்றே இளைப்பாறும். நிலையத்தைச் சுற்றித் தேயிலை. தேயிலைக்கு அப்பால் லயங்கள். லயங்களுக்கு அப்பால் மீண்டும் தேயிலை. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய இந்த இருப்புப் பாதை, தோட்டங்களின் விளைபொருள்களைக் கொழும்புக்கு இறக்குவதற்காக இடப்பட்டது. இன்று அதே பாதையில் மலையகத்தின் இளைஞரும் யுவதியரும் வேலை தேடி இறங்கிச் செல்கின்றனர். அவர்கள் மடியில் ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் இருக்கும். அவற்றுக்கு மேலே, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு விண்ணப்பமும் இருக்கும்.

விண்ணப்பம் எழுதக் கற்பது சிறிய காரியம். இலக்கியப் பகுதியில் அதற்கென்ன இடம் என்று வாசகர் வினவலாம். ஆனால் ஒரு மொழியை எவர், எதன்பொருட்டு, எவ்வகை வாக்கியங்களில் கற்றனர் என்பதிலே ஒரு சமூகத்தின் வரலாறு அடங்கிக் கிடப்பதுண்டு. மலையகத்தில் அவ்வரலாறு இரண்டு பாடங்களாக நடந்தது. ஒன்று, வெள்ளைக்காரத் துரை தமிழ் படித்த பாடம். மற்றொன்று, தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலம் படித்த பாடம்.

துரை படித்த தமிழ்

உத்தியோகத்துக்காக அந்நிய மொழி கற்கும் வழக்கத்தை இம்மலைகளில் தொடங்கி வைத்தவர்களுள் துரைமாரே முதல்வர். இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொத்லாந்திலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாமல் ஒரு நாளும் கழியாது. காலைப் பெரட்டில் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்ப வேண்டும். கவ்வாத்து வெட்டுவோரை மேற்பார்க்க வேண்டும். நிரையில் கொழுந்து விடுபட்டிருந்தால் கேட்க வேண்டும். அவர்களுக்கென்றே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் என்பார் ஒரு கையடக்க நூலை வெளியிட்டார். அந்நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைப் பெயர். அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் வெல்ஸ் என்பார் ‘கூலித் தமிழ்’ என்று பெயரிட்டு மற்றொரு நூல் எழுதினார்.

இந்நூல்களை எள்ளி நகையாடுதல் எளிது. அவை செய்த காரியத்தை ஆராய்தல் பயனுடையது. வேலைக்கு வேண்டிய மொழியை வேலையிலிருந்தே எடுத்துக் கற்பிக்கும் முறை அவற்றில் உண்டு. இன்று தொழில்சார் ஆங்கிலம் என்று வகுப்பு நடத்துவோர் கைக்கொள்ளும் முறையும் அதுவேயன்றோ! ஆயினும் துரை கற்ற தமிழ் பெரும்பாலும் ஏவல் வினைகளால் ஆனது. வா, போ, எடு, வெட்டு, கொண்டுவா. நம் மொழியிலே நீ, நீர், நீங்கள், தாங்கள் என மரியாதைக்குப் படிகள் பல உள. துரை கற்றுக்கொண்டது அவற்றுள் அடிப்படி ஒன்றையே. வயது முதிர்ந்த கங்காணியும் அவருக்கு ‘நீ’. அவர் பேரனும் ‘நீ’. ஒரு மொழியை முழுமையாகக் கற்காமலே ஓர் இனத்தை முழுமையாக ஆளலாம் என்பதற்கு அந்நூல்கள் சான்றாக நிற்கின்றன.

மறுபுறத்தில் தொழிலாளர் என்ன செய்தனர்? பள்ளியும் புத்தகமும் இல்லாமலே ஆங்கிலச் சொற்களைச் செவிவழியாகப் பெற்று, அவற்றைத் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டனர். ஆட்களை அணிவகுத்து எண்ணும் ‘பரேட்’ அவர்கள் வாயில் பெரட்டு ஆயிற்று. ‘லைன்’ லயம் ஆயிற்று. ‘கண்டக்டர்’ கண்டக்கையா ஆனார். அந்நியச் சொல்லோடும் ஓர் ‘ஐயா’வைச் சேர்த்துவிட்ட பண்பு கவனிக்கத்தக்கது. நாட்கணக்குப் புத்தகம் செக்றோல் ஆயிற்று. ஆனால் அந்தச் செக்றோலில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அவர்களுட் பெரும்பாலோரால் வாசிக்க முடியவில்லை. முழுப்பேரா, அரைப்பேரா என்பதை எழுதினவர் சொல்லித்தான் அறிய வேண்டும். இன்னின்ன கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ என்னும் சீட்டும் அத்தகையதே. ஒரு மனிதன் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போவதும் போகாதிருப்பதும் அவனால் வாசிக்க இயலாத ஒரு காகிதத்தைப் பொறுத்திருந்தது. அந்த முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

மடகொம்பரையின் மைந்தர்

இவ்வாறு காகிதத்தைக் கண்டு அஞ்சிய மண்ணிலேதான், அக்காகிதத்தில் ஆங்கிலத்தால் கவிதை எழுதிய ஒருவரும் பிறந்தார். வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையே அவர். கங்காணிக் குடும்பத்துப் பிள்ளையாதலால் ஆங்கிலக் கல்வி அவருக்குக் கிட்டியது. ஹட்டனிலும் கொழும்பு நாலந்தாவிலும் பயின்றார். அதே தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை என்பதை மறந்து அவரைப் போற்றுதல் முறையன்று. அவரே அதை மறந்தவரல்லர்.

1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது அவரைச் சந்தித்துத் தமது ‘விஸ்மாஜினி’ என்னும் ஆங்கில இசை நாடகத்தைக் கையளித்தார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. பின்னர் ஆசிரியராகவும், தொழிற்சங்கவாதியாகவும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த பின்னர், ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் அவருடைய ஆங்கில நெடுங்கவிதை வெளிவந்தது. 1970இல் ‘போர்ண் டு லேபர்’ என்ற உரைநடை நூலும் வந்தது. உழைக்கப் பிறந்தவர்கள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தைத் தம் உயர்வுக்கு ஏணியாக மட்டும் கொண்டிருந்தால், அவர் ஒரு நல்ல உத்தியோகத்தோடு நின்றிருப்பார். அவரோ அந்த மொழியிலே தப்பொலியையும் கொழுந்துக் கூடையையும் தேயிலைக்கடியில் புதைந்த பெயரற்றோரையும் எழுதினார். துரை வாசிக்கும் மொழியில் துரையின் தோட்டத்தைப் பற்றித் தொழிலாளியின் பக்கமிருந்து எழுதுதல் என்பது அக்காலத்தில் எத்துணைத் துணிவு!

வணிகம் கற்பித்த ஆசிரியர்

இவ்விடத்தில் மற்றொருவரையும் நினைத்தல் தகும். தஞ்சையில் வணிகப் பாடம் கற்பித்து, 1914இல் ‘கணக்குப் பதிவு நூல்’ என்று ஒரு புத்தகமும் எழுதியவர் கோ. நடேசய்யர். ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். பற்று, வரவு, கடிதப் போக்குவரத்து ஆகியவை அவர் கற்பித்த துறைகள். இலங்கைக்கு வந்தபின் அந்தத் திறமை எங்கே போய்ச் சேர்ந்தது? தொழிலாளியின் கணக்கைத் தோட்டக் கணக்கோடு ஒப்பிட்டு வினவுவதில் போய்ச் சேர்ந்தது. தோட்டத் தொழிலாளருக்கென 1931இல் சங்கம் அமைத்தார்; 1936இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். தொழிலாளருக்குத் தமிழிலும், ஆட்சியாளருக்கு ஆங்கிலத்திலும் எழுதினார். ‘பிளாண்டர் ராஜ்’ என்பது அவருடைய ஆங்கில நூல்.

வணிகக் கல்வி என்றால் இலக்கியத்துக்கும் நீதிக்கும் தொடர்பற்ற வறண்ட துறை என்று எண்ணுவோர், ஒரு கணக்குப் பாட ஆசிரியர் மலையகத்தின் முதல் தொழிற்சங்கத் தலைவரான வரலாற்றைச் சிந்திப்பார்களாக.

பள்ளியும் அதன் எல்லையும்

இவர்கள் இருவரும் விதிவிலக்குகள். பொதுநிலை வேறாக இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்தில் வாழும் ஆறு வயது முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது வைத்தது. பத்து வயதோடு பாடம் முடிந்தால் பதினொன்றாம் வயதில் என்ன தொடங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொழுந்துக் கூடை காத்திருந்தது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் முழு நிழல் தோட்டப் பாடசாலைகள்மீது விழவில்லை. 1970களின் பிற்பகுதியில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே, மேல் வகுப்பு என்பது பல லயங்களுக்குக் கேள்விப்பட்ட செய்தியாக மாறியது. பின்னாளில் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரி, தோட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கித் தோட்டங்களுக்கு அனுப்பியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆயினும் கொழும்பு அலுவலகத்தின் வாயிலில் இணைப்பு மொழியே வாயிற்காவலனாக நிற்கிறது என்பதை அனுபவித்தவர் அறிவர்.

ஒரு விண்ணப்பம்

அண்மையில் இப்பகுதி மாணவி ஒருத்தி எழுதிய வேலை விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்க நேர்ந்தது. இலக்கணப் பிழைகள் சிலவே. தமிழில் ‘எழுதினேன்’ என்றால் ‘நான்’ வினைமுற்றிலேயே அடங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுவாய் தலைவாயிலில் நின்றாக வேண்டும். அதை அவள் இரண்டோர் இடங்களில் விட்டிருந்தாள். அவை ஒரு மணி நேரத்தில் திருந்தின. திருத்தக் கடினமாக இருந்தவை வேறு மூன்று.

முதலாவது, தொடக்கமும் முடிவும். யாரோ பழைய மாதிரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தயவாய் மன்றாடிக்கொள்கிறேன் என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியை என்ற பொருளில் முடித்திருந்தாள். அவ்வாறு எழுதுவது குடியேற்ற ஆட்சிக்காலத்து மனுக்களின் மரபு. இக்கால வணிக ஆங்கிலம் மன்றாடுவதில்லை. எந்த வேலை, விளம்பரத்தை எங்கே கண்டேன், எனக்குள்ள தகுதி யாது, எப்பொழுது நேரில் வரக்கூடும் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் சொல்லி முடிப்பதே அதன் அழகு. பெறுபவரின் பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி விளித்து ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றும், தெரியாவிடின் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்றும் கையொப்பமிட்டால் போதும். அவளுக்கோ இது மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

இரண்டாவது, முகவரி. தோட்டத்தின் பெயரையும் தோட்டக் காரியாலயத்தையும் எழுதியிருந்தாள். லயத்து வீட்டுக்கெனத் தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் காரியாலயத்தில் தங்கி, நேர்முகத் தேர்வு முடிந்தபின் கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். கைப்பேசியும் மின்னஞ்சலும் இக்குறையை ஓரளவு தணித்திருக்கின்றன. எனினும், தன் வீட்டின் பெயரை எழுத முடியாத ஒருவர் எந்த மொழியில் விண்ணப்பம் எழுதினாலும் அதில் ஒரு வரி வெறுமையாகவே நிற்கும்.

மூன்றாவதே என் மனத்தை அதிகம் வருத்தியது. ‘அனுபவம்’ என்ற தலைப்புக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். மெல்ல விசாரித்தேன். மூன்று ஆண்டுகளாக லயத்துச் சிறுவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறாள். மரண உதவிச் சங்கத்தின் வரவு செலவை எழுதுகிறாள். கொழுந்து நிறை குறைவாகப் பதியப்பட்ட ஒரு நாளில், தாயாரின் சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்த்துப் பிழையைக் காட்டித் திருத்தியும் கொடுத்திருக்கிறாள். இத்தனையும் அவள் கணக்கில் அனுபவம் அன்று! உழைப்பை உழைப்பென்று எண்ணாதிருக்க அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தது எந்தப் பாடநூல்? அதைத் திருத்துவதற்கு ஆங்கில அகராதி போதுமா?

ஒரே ஒரு ‘யூ’

ஆகவே தோட்டப் பகுதியில் தொழில்சார் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், மாதிரிக் கடிதங்களை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் மலையகத்தில் பலர். அவர்களுக்கு ‘ஆம், ஐயா’ என்னும் ஆங்கிலம் கற்பிப்பவர் ஏராளம். இவ்வொப்பந்தத்தின் இந்தப் பகுதி எனக்கு விளங்கவில்லை. இதன் பிரதி ஒன்று எனக்கு வேண்டும். என் கடவுச்சீட்டு என்னிடமே இருக்க வேண்டும். இதற்கு நான் உடன்படவில்லை. இந்த நான்கு வாக்கியங்களையும் தடுமாறாமல் சொல்லக் கற்பிப்பதே முதற்பாடமாக வேண்டும். துண்டை வாசிக்க முடியாதவரின் பேத்தி, ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திட்டால் நூறாண்டு நடந்தும் நாம் புறப்பட்ட இடத்திலேயே நிற்பவராவோம்.

அம்மாணவிக்கு இறுதியில் ஒன்று சொன்னேன். ஆங்கிலத்தில் மரியாதைக்குரிய படிகள் நம் மொழியில் உள்ளதுபோல் இல்லை. முகாமையாளருக்கும் ‘யூ’, வாயிற்காவலருக்கும் ‘யூ’. நீ எழுதும் கடிதத்தில் அவர் உனக்கு ‘யூ’. அவர் எழுதும் மறுமொழியில் நீ அவருக்கு ‘யூ’. ஒரு காலத்தில் தமிழின் அடிப்படிச் சொல்லால் நம்மை அழைத்த மொழிக்காரரிடம், அவர் மொழியின் ஒரே படியில் நின்று நாம் பேசலாம்.

அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு ‘இல்லை’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மாலை வகுப்பு தொடங்கிய ஆண்டை எழுதினாள். சங்கத்தின் கணக்கையும் எழுதினாள். தாயாரின் சம்பளச் சீட்டைப் பற்றி எழுதலாமா என்று கேட்டாள். எழுது என்றேன்.