சோசேஜ் சமையல்: எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதுமா?

கோலாலம்பூர் – காலையில் பத்து நிமிடத்தில் பசியாற எதையாவது செய்தாக வேண்டும். பள்ளிப் பேருந்து வாசலில் வந்து நிற்கும். இரவு வேலை முடிந்து வந்தவருக்கு மீண்டும் அடுப்பு மூட்டத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் நகரத்து அடுக்ககமானாலும் தோட்டத்து வீடானாலும் கைகொடுப்பது ஐஸ் பெட்டியில் இருக்கும் சோசேஜ் பாக்கெட்தான். விலை மலிவு, பிள்ளைகள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறார்கள், சமைக்கவும் எளிது.

அண்மைய ஆண்டுகளில் ஏர் ஃபிரையர் பல வீடுகளுக்கு வந்துவிட்டதால், "எண்ணெய் இல்லாமல்தானே சமைக்கிறோம், பிறகென்ன கெடுதல்?" என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. சமைக்கும் முறையால் எண்ணெயையும் கருகலையும் குறைக்க முடியும். பாக்கெட்டுக்குள் ஏற்கெனவே கலந்திருக்கும் உப்பையும் பதப்பொருளையும் எந்த அடுப்பும் முழுமையாக நீக்காது. சோசேஜை அறவே ஒதுக்க முடியாத குடும்பங்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

கடைகளில் உறைநிலையில் விற்கப்படும் கோழி சோசேஜ் வெறும் கோழியிறைச்சி அன்று. அரைத்த இறைச்சியுடன் கொழுப்பு அல்லது தோல், தண்ணீர், மாவுச்சத்து, சோயா புரதம், உப்பு, சுவையூட்டி ஆகியவை சேர்கின்றன. இளஞ்சிவப்பு நிறம் மாறாமலிருக்கவும், உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராமலிருக்கவும் சோடியம் நைட்ரைட் என்ற பதப்பொருள் பயன்படுகிறது. அது ஒரு காரணத்தோடுதான் சேர்க்கப்படுகிறது. ஆனால், அதிகச் சூட்டில் வறுக்கும்போதும் நம் வயிற்றுக்குள் செரிக்கும்போதும் நைட்ரைட் இறைச்சியின் புரதக் கூறுகளோடு சேர்ந்து நைட்ரோசமைன் எனும் பொருள்களாக மாறக்கூடும். அவற்றில் பல, புற்றுநோயோடு தொடர்புடையவை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியை 2015ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதற்குப் போதிய சான்று உள்ளவற்றின் பட்டியல் அது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சி சாப்பிடுவோருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்று அது கணித்தது.

இந்த எண்ணைக் கேட்டு அஞ்சி நடுங்கவும் வேண்டாம், அலட்சியமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். எடுத்துக்காட்டாக, நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய ஒரு நோய், 18 விழுக்காடு கூடினால் ஏறக்குறைய ஆறு பேருக்கு வரும். புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று பொருளாகாது. சான்றின் உறுதியைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, ஆபத்தின் அளவை அன்று. கவனிக்க வேண்டிய சொல் 'நாள்தோறும்' என்பதே.

உப்புக் கணக்கு

நம்மவர் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமான கவலை உப்பு. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோடியமாகக் கணக்கிட்டால் அது 2000 மில்லிகிராம். 2017, 2018ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய நிலையில் நடந்த சமூக உப்பு ஆய்வின்படி, மலேசியர் சராசரியாக 7.9 கிராம் உட்கொள்கின்றனர். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது.

பாக்கெட்டின் பின்புறம் உள்ள சத்து அட்டவணையில் 'சோடியம்' அல்லது 'நாத்ரியம்' என்ற வரியைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 35 கிராம் எடையுள்ள ஒரு சோசேஜில் 280 மில்லிகிராம் சோடியம் இருக்கும். மூன்று சாப்பிட்டால் 840. அதோடு ரொட்டியிலும் சில்லி சாஸிலும் உள்ள உப்பைச் சேர்த்தால், ஒரு பெரியவரின் ஒருநாள் அளவில் ஏறக்குறைய பாதி, காலை எட்டு மணிக்கே முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு உரிய அளவு இதைவிடக் குறைவு.

'ராமுவான்' என்று தலைப்பிட்ட பட்டியலில், அதிக எடையுள்ள பொருளே முதலில் வரும். இறைச்சி முதலிடத்தில் உள்ளதா, மாவும் தண்ணீரும் முந்திக்கொள்கின்றனவா என்று பார்த்து வாங்கலாம். 250 என்ற எண் சோடியம் நைட்ரைட்டைக் குறிக்கும். 450, 451, 452 ஆகியவை பாஸ்பேட் வகைகள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோழி சோசேஜ் என்று முகப்பில் இருந்தாலும், அதன் உறை கொலாஜன் என்றால் அது பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும்.

சமைக்கும் முன்

உறைந்த சோசேஜை முதல்நாள் இரவே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநீக்குவதே பாதுகாப்பானது. சமையல் மேசையில் மணிக்கணக்கில் போட்டு வைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் வெளிப்புறம் விரைவில் கெடத் தொடங்கும்.

சில வகைகள் மெல்லிய நெகிழி உறையோடு வருகின்றன. அதை உரித்த பிறகுதான் சட்டியில் போட வேண்டும். அவசரத்தில் உறையோடு பொரிப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு.

பெரும்பாலான உறைநிலை சோசேஜ்கள் ஆலையிலேயே வேகவைக்கப்பட்டவை. அப்படி இல்லாத பச்சை சோசேஜ் என்றால் நடுப்பகுதி வரை நன்றாக வேக வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால், கோழிக்கு உள்வெப்பம் 74 பாகை செல்சியஸ் எட்ட வேண்டும். இல்லாவிட்டால், நடுவில் வெட்டிப் பார்க்கும்போது ஆவி பறக்க வேண்டும், உள்ளே கூழ்போல் இருக்கக் கூடாது.

எந்த முறை நல்லது?

முதலிடம், நீரில் வேகவைத்துப் பிறகு லேசாகச் சிவக்க விடுவது. கொதி அடங்கிய சூடான நீரில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வேகவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பிலும் கொழுப்பிலும் ஒரு பகுதி நீரோடு போய்விடும். அந்த நீரைச் சூப்பிலோ மீயிலோ ஊற்றினால் செய்த வேலை வீண். பிறகு ஒட்டாத சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் தடவி, மிதமான தீயில் இரண்டு நிமிடம் உருட்டினால் பிள்ளைகள் விரும்பும் நிறம் வந்துவிடும்.

இரண்டாவது, மூடி போட்டு வேகவைப்பது. சட்டியில் சோசேஜோடு கால் குவளை தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். நீர் வற்றியதும் சோசேஜிலிருந்து கசிந்த கொழுப்பே அதைச் சிவக்க வைக்கப் போதும். தனியாக எண்ணெய் வேண்டாம். எரிவாயு அடுப்பு ஒன்று மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதுவே எளிய வழி.

மூன்றாவது, ஏர் ஃபிரையர். 180 பாகை செல்சியஸில் எட்டு முதல் பத்து நிமிடம் போதும். பாதியில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். கீழே வடியும் கொழுப்பைத் துடைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த முறை அது புகையும். 200 பாகைக்கு ஏற்றி, கறுக்கும் வரை விடுவதால் பொரிப்பதைவிடப் பெரிய நன்மை கிடைத்துவிடாது.

கடைசி இடம், நிறைய எண்ணெயில் பொரிப்பதற்கு. அதிலும், இரவுச் சந்தையில் விற்பதுபோல் பூவாக விரிய வேண்டுமென்று குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டால், எண்ணெய் ஒட்டும் பரப்பு இன்னும் கூடுகிறது. அப்பளமும் கருவாடும் பொரித்த பழைய எண்ணெயில் மீண்டும் பொரிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

கரியடுப்பில் வாட்டும்போது

பிறந்தநாளிலும் பள்ளி விடுமுறையிலும் வாசலில் கரியடுப்பு மூட்டுவது வழக்கமாகிவிட்டது. சோசேஜின் கொழுப்பு தணலில் சொட்டியதும் எழும் புகையில் தீங்கான வேதிப்பொருள்கள் உருவாகி, மீண்டும் சோசேஜிலேயே படிகின்றன. கருகிய தோலிலும் இத்தகைய பொருள்கள் உண்டாகின்றன.

வழி எளிது. முன்கூட்டியே வேகவைத்துக்கொண்டால் தணலில் இருக்கும் நேரம் குறையும். சுடர் அடங்கி, கரி சாம்பல் பூத்த பிறகே கம்பி வலையில் வைக்க வேண்டும். அடிக்கடி திருப்ப வேண்டும். தேன், இனிப்புக் கிச்சாப் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே தடவினால் விரைவில் கருகும் என்பதால், இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு தடவலாம். கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

தட்டில் பாதி காய்கறி

சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறைப்படி, தட்டில் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி, கால் பங்கு புரத உணவு, மீதிப் பாதி காய்கறி, பழம். சோசேஜை அந்தப் புரதக் கால் பங்கின் முழு இடத்தையும் பிடிக்க விடாமல், சுவைக்காக மட்டும் சேர்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு சோசேஜ் போதும். வேகவைத்து மெல்லிய துண்டுகளாக்கி, பெரிய வெங்காயம், தக்காளி, அரைத்த மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துப் பிரட்டலாம். கூடவே இரண்டு முட்டை, ஒரு கட்டு சவிக் கீரை அல்லது கோபிஸ், சிறிது தவ்வு சேர்த்தால் வயிறும் நிறையும். இதில் உப்பு, கிச்சாப், சுவைத்தூள் எதுவும் கூடுதலாக வேண்டாம். சோசேஜில் உள்ள உப்பே போதும். கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது. எலுமிச்சை, கொய்யா, தக்காளி போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி, நைட்ரோசமைன் உருவாவதைத் தடுக்கவும் உதவும்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழு சோசேஜையோ, காசுபோல் வட்டமாக வெட்டிய துண்டுகளையோ கொடுக்கவே கூடாது. அந்த வட்டத் துண்டு குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடக் கூடியது. முதலில் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்க வேண்டும். பிள்ளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே சாப்பிடக் கூடாது.

கர்ப்பிணிகளும் முதியவர்களும் பாக்கெட்டிலிருந்து எடுத்த சோசேஜை அப்படியே குளிர்ச்சியாகச் சாப்பிடக் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஐஸ் பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியது. ஆவி பறக்கச் சூடாக்கினால் அது அழிந்துவிடும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் உப்போடு பாஸ்பேட்டும் சுமைதான். சேர்க்கைப் பொருளாக வரும் பாஸ்பேட்டை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்கிறது. இவர்கள் சோசேஜைத் தவிர்ப்பதே நல்லது. ஆசைப்பட்டால், சிகிச்சை நிலையத்தின் உணவியல் நிபுணரைக் கேட்ட பிறகு சாப்பிடலாம்.

பள்ளிக்குக் கட்டிக்கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சமைத்த இறைச்சியை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. காலை ஆறு மணிக்குச் சமைத்ததைப் பிள்ளை பத்து மணி ஓய்வுநேரத்தில் திறந்தால், நான்கு மணி நேரம் கடந்திருக்கும். சோசேஜை வீட்டிலேயே பசியாறும்போது கொடுத்துவிட்டு, பள்ளிக்குப் பழமும் கச்சான் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொடுத்தனுப்பலாம்.

வீட்டிலேயே செய்யலாம்

அரை கிலோ எலும்பில்லாத கோழியை மையாக அரைத்து, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சோம்புத் தூள், அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகுத் தூள், இஞ்சி பூண்டு விழுது, நறுக்கிய கொத்தமல்லி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸ் தூள் சேர்த்துப் பிசைய வேண்டும். அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில் வைத்தால் கலவை இறுகும். பிறகு தீயில் வாட்டிய வாழையிலையில் விரல் நீளத்துக்கு உருட்டிச் சுருட்டி, 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வேகவைக்கலாம். ஏறக்குறைய 12 சோசேஜ் கிடைக்கும்.

ஒவ்வொன்றிலும் சுமார் 140 மில்லிகிராம் சோடியம் மட்டுமே இருக்கும். மேலே சொன்ன பாக்கெட் சோசேஜில் அதே 50 கிராம் எடைக்கு 400 மில்லிகிராம் இருக்கும். நைட்ரைட் இல்லாததால் நிறம் வெளிறியிருக்கும், நாள்பட இருக்காது. ஐஸ் பெட்டியில் இரண்டு நாள், உறைநிலையில் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை செய்து உறைய வைத்துவிட்டால், வாரநாள் அவசரத்துக்கு அதுவே போதும்.

அந்த நேரமும் கிடைக்காத வாரத்தில் பாக்கெட் சோசேஜ்தான் என்றால், அன்றாடம் என்பதை வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றலாம். ஆளுக்கு மூன்று என்பதை ஒன்றாக்கலாம். வேகவைத்த நீரைக் கொட்டிவிடலாம். இந்த மூன்றுக்கும் ஏர் ஃபிரையர் தேவையில்லை, கூடுதல் செலவும் இல்லை.